வலது பக்க மூச்சு

பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சி ஒன்றை டாக்டரம்மா தாமரைச்செல்வியின் வலது மூக்குத் துவாரத்துக்குள் விட்டு, உள்சுவரை வெளிப்பக்கமாக லேசாகத் தூக்கிப் பிடித்தார். "இப்ப மூச்சு இழுங்க" என்றார். அவள் இழுத்தாள். காற்று போனது. ஸ்பிரிட் வாடை, டாக்டரம்மாவின் கையிலிருந்த சோப்பு வாடை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த முத்திருளன் மாமாவின் சட்டையில் எப்போதும் இருக்கிற புகையிலை வாடை, எல்லாம் ஒரே இழுப்பில் உள்ளே வந்தன. ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தத் துவாரம் பேருக்குத்தான் அவள் முகத்தில் இருந்தது. இடது பக்கத்தை வைத்துக்கொண்டும் வாயைத் திறந்துகொண்டும் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. குச்சியை வெளியே எடுத்ததும் சுவர் மறுபடி உள்ளே விழுந்து ஒட்டிக்கொண்டது. அவள் பழையபடி வாயைத் திறந்தாள்.

"வலிச்சுதாம்மா?"

"இல்ல மேடம். மூச்சு வந்துச்சு."

"வரும். சுவருக்கு முட்டு இல்ல, அதான் விழுது. குச்சி இல்லாமலே ஒரு வழி இருக்கு, பாருங்க" என்று டாக்டரம்மா அவளுடைய விரலைப் பிடித்து மூக்கை ஒட்டிய கன்னத்தில் வைத்து, வெளிப்பக்கமாக இழுக்கச் சொன்னார். கன்னத்தை இழுத்தால் துவாரம் திறந்தது. விட்டால் மூடியது. இவ்வளவு சுலபமான காரியத்தை இத்தனை நாள் யாரும் சொல்லித் தரவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எத்தனை வருஷம் வாழ முடியும் என்கிற எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மாமா பொறுக்க முடியாமல் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். "பாத்தீகளா மேடம்? பச்சப் புள்ள மூக்க என்ன பண்ணி வச்சிருக்கான் பாருங்க. படிச்சவனா அவன்?"

இன்னொரு டாக்டரின் வேலையைப் பற்றி டாக்டரம்மா வாய் விடாதவர் போலும். விளக்கைத் திருப்பி, மூக்கின் மேல் தோலைப் பெருவிரலால் நகர்த்திப் பார்த்தார். வலது பக்கம் தோல் நகரவில்லை. "முதல் ஆப்பரேஷனுக்கு அப்புறம் இந்தப் பக்கம் சீழ் பிடிச்சுதா? ஏதாவது அடி, ஊசி, குத்து?" என்று கேட்டார்.

தாமரை மாமாவைப் பார்த்தாள். மாமா அவளுக்காகக் கவலைப்பட்டு, அவளைவிடக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்ல மேடம்" என்றாள்.

"அப்ப இது என்ன தழும்பு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "அது மூக்குத்தி குத்துன எடம் மேடம். மூணு வயசுல எம்மடியில உக்கார வச்சுக் குத்துனது. அன்னைக்கு அழுவவே இல்ல இந்தக் கழுத." அவர் சொன்னதில் பொய் எதுவும் கிடையாது. மூன்று வயதில் குத்தியதும் அதே இடம்தான்.

டாக்டரம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். உள்ளே குருத்தெலும்பு கரைந்துபோயிருக்கிறது. காதிலிருந்து எடுத்து வைத்தால் போதாது, விலாவிலிருந்து ஒரு துண்டு எடுத்து முட்டுக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யலாம், நன்றாகவே செய்யலாம். "ஆனா ஒண்ணு தெளிவா தெரியணும். முன்னாடி சீழ் வச்சிருந்தா நான் இப்ப கை வைக்க மாட்டேன். இன்னும் பல மாசம் தள்ளணும், முதல்ல வேற டெஸ்ட் எடுக்கணும், பண்ற விதமே வேற. அது தெரியாம நான் விலாவைக் கொண்டுபோய் அங்க வச்சா அதுவும் கரையும். அதுக்கப்புறம் இந்த மூக்குல யாரும் கத்தி வைக்க மாட்டாங்க. பழைய ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக் கொண்டு வாங்களேன்?"

"அந்த வாசப்படிய மறுபடி மிதிக்க மாட்டோம் மேடம்" என்றார் மாமா. "அதான் புள்ளையே இல்லன்னு சொல்லுதுல்ல."

"சரி. யோசிச்சு சனிக்கிழமைக்குள்ள போன் பண்ணுங்க. சரின்னா அடுத்த மாசமே வச்சுக்கலாம்" என்று சொல்லி டாக்டரம்மா கை கழுவ எழுந்தார். எழுந்தவர் தாமரையின் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனார். அது எல்லாருக்கும் செய்கிற காரியமா, அவளுக்கு மட்டும் செய்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் முதல் தடவை மூக்கைச் சரிசெய்யப் போனதற்குப் பெரிய காரணம் எதுவும் தேட வேண்டியதில்லை. ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். அப்பாவின் மூக்கு அவளுக்கு. நடுவில் ஒரு மேடு, நுனியில் அகலம். அப்பா அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். மூக்கை மட்டும் விட்டுப் போனார். முத்திருளன் மாமா அவளை 'மூக்காயி' என்றுதான் கூப்பிடுவார். எப்போது ஊரிலிருந்து வந்தாலும் கிளம்பும்போது அந்த மூக்கின் நுனியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டி, "வாரேன் மூக்காயி" என்பார். அவர் சொல்லி அவளுக்கு ஒரு நாளும் வலித்ததில்லை. வலிக்க வைத்தவர்கள் வேறு ஆட்கள். மதுரையில் ராம்கி அண்ணனின் சேலைக்கடை மாடியில் அவளுக்கு வேலை. வட்ட விளக்குக்கு முன்னால் போனை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு சேலையாகத் தோளில் போட்டுக் காட்டி லைவில் விற்க வேண்டும். பேச்சு அவளுக்குக் கரும்பாக வரும். "மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர், ஒரே ஒரு பீஸ்தான் இருக்கு அக்கா" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் திருச்சியில் இருப்பவள் வாங்கிவிடுவாள். கீழே ஓடுகிற கமெண்டுகளில்தான் சனியன் இருந்தது. சேலை நல்லா இருக்கு, மூக்கு ஃப்ரீயா என்று ஒருவன் எழுதுவான். அதற்குக் கீழே ஐம்பது பேர் சிரிப்பார்கள். "கண்டுக்காத தங்கச்சி, திட்டுறவனும் பாக்கத்தான செய்றான்" என்பார் ராம்கி அண்ணன். அவருக்கு வியாபாரம் நடந்தால் சரி. தினமும் தன் முகத்தையே போனில் பார்த்துப் பேசுகிறவளுக்கு அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது லேசான காரியமா?

அம்மா மலையம்மாளுக்கு மட்டும் சொன்னாள். அம்மா முதலில் வைதாள், பிறகு அழுதாள், அப்புறம் அவளே கூடவும் வந்தாள். மாமாவுக்கும் மற்றவர்களுக்கும் மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கிறது, எடுக்கிறார்கள், அதில் மூக்கின் வடிவமும் கொஞ்சம் மாறும் என்று சொன்னார்கள். ஆப்பரேஷன் செய்தவர் மதுரையிலேயே ஒரு இளவயது டாக்டர், கூச்ச சுபாவம். கட்டைப் பிரித்த அன்றைக்கு அவர் கண்ணாடியை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்குப் பிடித்திருந்தது. மேடு போய்விட்டது, நுனி அடங்கிவிட்டது. அப்பாவின் சாயலைக் கண்ணாடியில் தேடிப் பார்த்து, இல்லை என்று தெரிந்ததும் மனசு ஒரு மாதிரி ஆனது உண்மைதான். மறுநாளே அது மறந்துபோயிற்று. கிளம்பும்போது டாக்டர் அம்மாவையும் அவளையும் உட்கார வைத்துச் சொன்னார். ஒரு வருஷத்துக்கு மூக்கில் இடி படக் கூடாது, மூக்குக் கண்ணாடி கூடாது, முக்கியமாக ஊசி, மூக்குத்தி எதுவும் ஆகாது. உள்ளே புதிதாக வைத்துத் தைத்திருக்கிறோம், சீழ் பிடித்தால் அத்தனையும் போய்விடும் என்றார். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள்.

நாலாவது மாதம் வரன் அமைந்தது. உசிலம்பட்டிப் பக்கம், நல்ல இடம். மாப்பிள்ளை வீட்டார் அவளைப் புது மூக்கோடுதான் பார்த்தார்கள், அதோடுதான் பிடித்துப்போனது. பழைய மூக்கைப் பற்றி அவர்களிடம் யாரும் மூச்சு விடவில்லை. இவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்று தாய்மாமன் புது மூக்குத்தி கொண்டுவந்து தன் கையாலேயே பெண்ணுக்குப் போட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் வெற்றிலை பாக்கு மாற்றுவார்கள். மூக்குத்தி ஏறாத பெண்ணுக்குத் தட்டு மாற்றினால் தாய்மாமன் செத்ததற்குச் சமம் என்பார்கள். அந்த வழக்கம் அம்மாவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தும் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசினால் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே. சின்ன வயதில் குத்திய துளைதானே, மேலாகப் போட்டுக் கழற்றிவிடலாம் என்று ஒவ்வொருவரும் தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் துளை தூர்ந்துபோயிருந்தது.

திருமங்கலத்தில் வாடகைக்குப் பிடித்த சின்ன மண்டபம். மாமா வெள்ளை வேட்டி சட்டையில், விபூதியும் சந்தனமுமாக, தெற்காவணி மூல வீதி நகைக்கடையில் சொல்லிச் செய்த ஏழு கல் மூக்குத்தியை ரோஸ் காகிதத்திலிருந்து எடுத்தார். தண்டு ஏறவில்லை. "அட, தூந்துபோச்சா" என்று சிரித்தார். யாரோ ஆசாரியைக் கூப்பிடச் சொன்னார்கள். "எதுக்கு ஆசாரி? எம்மருமகளுக்கு ஏங்கையி பத்தாதா?" என்று தண்டில் தேங்காய் எண்ணெயைத் தடவினார். தாமரை அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் என்ன ஆப்பரேஷன் என்று வரும். அம்மா கண்ணாலேயே, பேசாமல் இரு என்றாள். மாமா பெருவிரலால் அழுத்தினார். உள்ளே எதுவோ 'நறுக்'கென்றது அவளுக்கு மட்டும் கேட்டது. ஒரு பொட்டு ரத்தம் வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். மாமா அவளுடைய முகத்தைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்தி, கண் கலங்கிப்போய் நின்றார். அத்தனை சந்தோஷமாக அவரை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஒரு வாரத்துக்குள் மூக்கு வீங்கியது. அம்மா மஞ்சள் அரைத்துப் போட்டாள். சொன்ன பேச்சைக் கேட்கவில்லையே என்ற பயத்தில் டாக்டரிடம் போகாமல் நாளைக் கடத்தினார்கள். அவள் மூக்குத்தியைக் கழற்றிவிட்டு, காய்ச்சலோடு, வலது கண்ணைத் திறக்க முடியாமல் போய் நின்றபோது அந்த இளவயது டாக்டர் பதறிப்போனார். "ஏதாவது குத்தினீங்களா?" என்று அவரும் கேட்டார். இல்லை என்றாள். சீழை எடுத்தார், மருந்து கொடுத்தார், காய்ச்சல் நின்றது. சீழ் எடுத்ததை அம்மாவும் அவளும் மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. வீக்கம் வடிய வடிய வலது பக்கமும் கூடவே வடிந்து உள்ளே போனது. உசிலம்பட்டியில் பெண்ணுக்கு ஏதோ தீராத சீக்கு என்று பேச்சுக் கிளம்பி, தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அப்போதுதான் மாமாவுக்கு அது சதை ஆப்பரேஷன் இல்லை என்கிற விவரம் தெரிந்தது. அவளை அவர் ஒரு சொல் திட்டவில்லை. நேராக அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் அந்த டாக்டரின் சட்டையைப் பிடித்துவிட்டார். டாக்டர் தடுக்கவில்லை. மாமாவின் தோளுக்கு மேலாக அவளைத்தான் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது அவளுக்கு.

கடையில் இப்போது லைவில் பேசுகிறவள் சரண்யாதேவி. தாமரை பக்கத்தில் நின்று சேலையை விரித்துப் பிடிக்கிறாள். கழுத்துக்கு மேலே தெரியாதபடி ராம்கி அண்ணன் போனை இறக்கி வைத்திருக்கிறார். அவர் கெட்ட மனிதர் இல்லை, வேலையை விட்டு நிறுத்தவில்லையே. எப்போதாவது யாராவது, முன்னாடி பேசுற அக்கா எங்கே என்று கேட்டு எழுதுவார்கள். அவளுடைய கைகள் திரையில் இருக்கும்.

மதுரை பெரியார் நிலையத்தில் பஸ் பிடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவள் திருமங்கலத்தில் இறங்க வேண்டும். மாமா அங்கே இறங்கி, டி. கல்லுப்பட்டி போகிற பஸ்ஸில் ஏறித் தன் ஊருக்குப் போக வேண்டும். ஜன்னல் பக்கம் அவளை உட்கார வைத்தார். நெடுநாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது. போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். விலா எலும்பை எடுத்தால் வலிக்குமாம், வலித்தால் என்ன, ஆட்டுக்கால் சூப்பு வைத்து ஊற்றினால் பத்து நாளில் தேறிவிடலாம், அத்தையை அனுப்பி வைக்கிறேன் என்றார். அவள் கன்னத்தில் விரலை வைத்து இழுத்துப் பிடித்திருந்தாள். காற்று போய் வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை போன் பண்ணி, சரி என்று சொல்லிவிட்டால் போதும். ஒருவேளை கரையாமலும் போகலாம். மூச்சும் வரும், முகமும் வரும். மாமாவுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. கரைந்தால்? கரைந்தால் அந்த டாக்டரம்மாவின் வாசலிலும் மாமா போய் நிற்பார்.

திருப்பரங்குன்றம் தாண்டியதும் மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அம்மா அவரிடமே திருப்பிக் கொடுத்திருந்த அதே ரோஸ் காகிதம். மடிப்பில் நைந்துபோயிருந்தது.

"நேத்துத்தான் மெருகு போட்டு வாங்கியாந்தேன்" என்று பிரித்துக் காட்டினார். ஏழு கல்லும் சாய்ந்த வெயிலில் மினுங்கின. "இந்த வாட்டி எல்லாம் ஆறட்டும் தாயி. இதவிட நல்ல எடமா வரும். ஆப்பரேசன் முடிஞ்ச கையோட மாமனே குத்தி விடுறேன். எம்மூக்காயி மூக்கு மூளியா இருக்கக் கூடாது."

அவள் கன்னத்திலிருந்து விரலை எடுத்தாள். துவாரம் மூடிக்கொண்டது.

"மாமா, ஆப்பரேசன் பண்ணுன மூக்குல ஒரு வருசத்துக்கு மூக்குத்தி குத்தக் கூடாது."

"அந்தம்மா அப்பிடி ஒண்ணும் சொல்லலையே?"

"மொத டாக்டரு சொன்னாரு."

"எப்ப?"

"கட்டுப் பிரிச்ச அன்னைக்கு."

மாமா சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். காகிதத்தை மடிக்கப் போனார். பாதி மடித்ததும் கை நின்றது. அவர் மனசுக்குள் மாதங்களை எண்ணுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, மறுபடி கிளம்பியது. கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்று இவர்களைத் தாண்டிப் போனார். மாமா தன் வலது கைப் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

"மண்டபத்துல எம்புட்டுப் பேரு இருந்தாய்ங்க" என்றார் கடைசியில். குரல் இறங்கிப்போயிருந்தது. "உங்கம்மாவுக்கும் தெரியுமா?"

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன? அம்புட்டுத்தான, ஒரு வார்த்த."

"நீங்க அம்புட்டு ஆசையா நின்னீங்க மாமா" என்றாள். அது பாதி உண்மை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மானம் போகக் கூடாது என்பது மீதிப் பாதி. அதையும் சொல்ல வாயெடுத்தாள். அழுகை முந்திக்கொண்டது. அழுதால் அவளுக்கு இடது பக்கமும் அடைத்துக்கொள்ளும், விசும்பலில் வாயாலும் மூச்சு இழுக்க முடியாது. கொஞ்ச நேரம் காற்றுக்குத் தவித்துப்போனாள். எதிர் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்து, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மாமா அதை வாங்கி மூடியைத் திறந்து கொடுத்தார்.

"அந்தப் பயலோட சட்டையப் பிடிச்சேனே தாயி" என்றார். "ஆஸ்பத்திரியில அம்புட்டுச் சனத்துக்கு முன்னாடி. ஒரு வார்த்த எதுத்துப் பேசலையே அவன்."



திருமங்கலம் பஸ் நிலையத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வேலை முடிந்தவர்களுமாகக் கூட்டம். டி. கல்லுப்பட்டி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. மாமா இறங்கி, அவள் இறங்குகிறவரை படிக்குப் பக்கத்தில் நின்றார். விடைபெறுகிற நேரத்து வழக்கம், அவருடைய கை தானாக எழுந்து அவள் முகத்துக்கு வந்தது. மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் அப்படியே நின்றது. அவர் அந்தக் கையை, யாருடையதோ மாதிரி, மெல்லக் கீழே இறக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார். மற்றக் கையில் இருந்த பொட்டலத்தை அவளிடம் கொடுத்தார்.

"இத நீயே வச்சுக்க. என்ட்ட இருக்க வேண்டாம்."

"வீட்டுக்கு வாங்க மாமா. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

"உங்கம்மா மூஞ்சியில இன்னைக்கு முழிக்கல தாயி. நீ போ."

கல்லுப்பட்டி பஸ் அவரைத் தாண்டிப் போனது. கண்டக்டர் தெரிந்தவர் போல, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மாமா திரும்பவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து எதிர்ப்பக்கம் போனார், மதுரை போகிற பஸ்கள் நிற்கிற பக்கம். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, எந்தப் பஸ் முதலில் கிளம்பும் என்று யாரிடமோ விசாரித்தார். அந்த இளவயது டாக்டர் இந்நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் இருப்பாரா, இருந்தால் இவரைக் கண்டதும் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மதுரை பஸ் ஒன்றின் பின்சீட்டில் அவருடைய வெள்ளைச் சட்டை தெரிந்தது.

அவள் போனை எடுத்து டாக்டரம்மாவின் கிளினிக் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது, ஆனால் சீழ் வைத்ததை இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். மணி அடித்தது. ஒரு கையில் போன், ஒரு கையில் பொட்டலம். பொட்டலத்தை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு ஒரு விரலை மட்டும் பிரித்துக் கன்னத்தில் வைத்து இழுத்தாள். டீசல் வாடையும், கொய்யாப்பழ வண்டியின் வாடையும், எங்கோ பரோட்டாக் கல்லில் காய்கிற எண்ணெய் வாடையும் உள்ளே வந்தன. மாமா ஏறிய மதுரை பஸ் வெளியே சாலைக்குத் திரும்பியது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. போகிறவர்கள், முகத்தை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.